கருவேலம்பிசினும் பதினொரு நிமிடமும்

போன மாதம் ஜெனிஃபர் போன் செய்தாள். நான் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையில் இப்போது உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே எல்லா மாத்திரைகளையும் செயற்கைப் பசைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வாங்குகிறவர்கள் சிலர், செடியிலிருந்து வந்த பொருளாகவே இருக்கட்டும் என்று கேட்கிறார்களாம். மறுபடியும் கருவேலம்பிசினுக்குப் போகலாமா என்று மீட்டிங் போட்டிருக்கிறார்கள்.

"மீட்டிங்ல ஒருத்தர் சொன்னார் சார். உங்க பேரச் சொல்லி, தனபால் சார் காலத்துல பிசின் மாத்திரை சாப்பிட்டு ஒரு அம்மா செத்தே போயிட்டாங்களாம். நிஜமா?"

"யாரும் சாகலம்மா" என்றேன். "யார் சொன்னது?"

யார் என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் அப்போது அங்கே வேலையிலேயே இல்லாதவராம். போனை வைத்துவிட்டு மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனவன், கறிவேப்பிலை வாங்கப் போய் அதை மட்டும் வாங்காமல் திரும்பி வந்தேன். அன்று மத்தியானமே எழுதத் தொடங்கினேன். நடந்ததை நடந்தபடி சொல்ல இப்போது மிச்சம் இருப்பது நானும் இன்னும் இரண்டு பேரும்தான்.

நான் வேதியியல் பட்டதாரி. படித்து முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் சல்லடை, அடுத்த இரண்டு வருடம் உலர்த்தும் அடுப்பு, பிறகு மாத்திரை அடிக்கும் இயந்திரம் என்று ஒவ்வொரு அறையாக நகர்ந்து, கடைசியில், மருந்துத் தூளைப் பசையோடு பிசைந்து குருணையாக்கும் குருணை அறைக்குப் பொறுப்பாளனாக நின்றேன். இருபத்தெட்டு வருடம் அதே அறை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடியில் இறக்கம், அங்கிருந்து பத்து நிமிட நடை. சின்னத் தொழிற்சாலைதான். நாங்கள் செய்த மாத்திரைகள் பெரும்பாலும் அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கத்துக் கடைகளோடு நின்றுவிடும்.

மாத்திரை செய்வதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மருந்துத் தூளை அப்படியே இயந்திரத்தில் போட்டு அழுத்தினால் மாத்திரை ஆகாது, உதிர்ந்துவிடும். ஏதாவது ஒரு பசை அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே பசை, வயிற்றுக்குள் போனதும் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். டப்பாவுக்குள் கெட்டி, வயிற்றுக்குள் இளக்கம். எங்கள் தொழிலின் பாதிச் சங்கடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எங்கள் வலிப்பு மாத்திரைக்கு முதலில் சோளமாவுக் கஞ்சிதான் பசை. அதில் மாத்திரையின் மேல்பகுதி தொப்பி மாதிரிக் கழன்று வந்துகொண்டே இருந்தது. அட்டையைக் கிழித்தால் இரண்டு துண்டு. கருவேலம்பிசினைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை.

பிசின் சாக்கில் வரும். தேன் நிறக் கட்டிகள், நடுவே மரப்பட்டைச் சிராய், சில சமயம் எறும்பு. பட்டையைப் பொறுக்கி எடுத்து, பொடித்து, சுத்திகரித்த நீரில் ஊறவிட்டு, மஸ்லின் துணியில் இரண்டு முறை வடிகட்டிக் கொதிக்கவைப்போம். பச்சைப் பிசினில் சில மருந்துகளைக் கெடுக்கிற ஒரு நொதி இருக்கிறது, கொதித்தால் அது செத்துவிடும். ஆறியதும் மருந்துத் தூளில் நூல் மாதிரி ஊற்றிப் பிசைய வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்கு இயந்திரத்தில் முள் கிடையாது. கைநிறைய அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளினால் ஒரே வெட்டாக உடைய வேண்டும். விரலில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், பொடிந்தால் பசை குறைவு. பிறகு சல்லடை, அடுப்பு, மறுபடி சல்லடை, கடைசியில் இயந்திரம்.

பிசின் போட்ட பிறகு தொப்பி கழல்வது நின்றது. மாத்திரை பளபளவென்று வந்தது. நாலு வருடம் ஒரு புகாரும் இல்லை.

அந்த நாலாவது வருடம்தான் ஃபர்ஹானா மேடம் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவராக வந்தார். திருவல்லிக்கேணிக்காரர். என்னைவிட ஏழு வயது சிறியவர், பதவியில் மேலே. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குள் போவதற்கு முன் எல்லோரும் ஒரு தடவை கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துக்கொள்வோம். "பேட்ச் நல்லா வந்திருக்கு மேடம்" என்றால், "நல்லான்னா எவ்வளவு சார்?" என்பார். "சீக்கிரம் கரையுது" என்றால், "பார்த்தீங்களா, நினைக்கிறீங்களா?" என்பார். பதில் வருகிறவரை பேனாவைத் திறந்தபடி வைத்திருப்பார். சோதனை நடக்கும்போது உட்கார மாட்டார். ஒருநாள் இடுப்பு வலி என்று சொன்னவர், அன்றும் நின்றுகொண்டுதான் பார்த்தார். ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என் இருபது வருட விரலை நம்பாமல் கடிகாரத்தை நம்புகிறாரே என்று எரிச்சல்.

அந்த மழைக்காலத்தில் வந்த பிசின் சாக்கு ஒன்று சரியில்லை. கரைத்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓடியது. மாத்திரையின் ஓரம் உதிர்ந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் கடைகளில் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது, வலிப்பு மாத்திரை ஒருநாள் இல்லாமல் போகக்கூடாது. பிசினின் அளவைப் பாதியளவு கூட்டினேன். ஓரம் உதிர்வது நின்றது. பேட்ச் பதிவேட்டில் மாற்றத்தை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'சிறு மாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் கருவியில் ஆறு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை. கீழே கம்பி வலை. உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீருக்குள் அந்தக் குழாய்கள் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிடத்துக்குள் ஆறும் உடைந்து வலை வழியாக இறங்கிவிட வேண்டும். எங்கள் மாத்திரை வழக்கமாக ஏழு நிமிடத்தில் இறங்கும். அந்த பேட்ச் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

பதினைந்துக்குள்தானே என்று நினைத்தேன். மேடமும் கையெழுத்துப் போட்டார். அதே அளவில் மூன்று பேட்ச் செய்தோம்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தி.நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி எனக்கு நேரே போன் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் சரக்கை முதலிலிருந்தே விற்கிறவர்.

"சார், ஒரு வீடியோ அனுப்பிருக்கேன், பாருங்க. ஒங்க மாத்திரைய தண்ணில போட்டு அரை மணி நேரமாவுது. கல்லு மாரில்லா கெடக்கு."

வீடியோவில் ஒரு தம்ளர். அடியில் எங்கள் மாத்திரை. ஓரம்கூடக் கரையவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "இன்னா சார் இது? இத்த முழுங்கித்தான் நான் கீழ வுழுந்தேனா?"

அவள் பெயர் செல்வி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ரவிக்கை தைக்கிறவள். மூன்று வருடமாக வலிப்பே இல்லாமல் இருந்தவளுக்கு இரண்டு வாரத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டாம் தடவை மிஷினிலேயே விழுந்து கீழுதட்டில் தையல். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று எல்லோரும் அவளைத்தான் சொன்னார்கள். கார் ஓட்டுகிற கணவன் அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை சரியாத்தான் கீது, அப்ப ஜன்னல் வழியா தூக்கிப் போடுறியா?" என்று கேட்டிருக்கிறான். தையல் முதலாளி இனி மிஷினில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று காலையில் ஒரு மாத்திரை அவள் கைதவறித் தம்ளருக்குள் விழுந்திருக்கிறது. சமைத்து முடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்படியே கிடக்கிறது. அந்த அட்டையோடு நேராக அண்ணாச்சியிடம் வந்துவிட்டாள்.

நான் வீடியோவை மேடத்திடம் காட்டினேன். அவர் முதலில் மணியைப் பார்த்து எழுதினார். பிறகு, "பேட்ச் நம்பர்?" என்றார். சொன்னேன். ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் மாத்திரையை எங்கள் குளிர் அறையில் சாட்சிக்காகப் பூட்டி வைத்திருப்போம். அதை எடுத்து ஆறு குழாயில் போட்டோம். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் ஆறும் இறங்கிவிட்டன.

எனக்கு மூச்சு வந்தது. கம்பெனி எம்.டி. சாரும் அங்கேயே நின்றிருந்தார். "அப்ப நம்ம மேல தப்பில்ல. போலி சரக்கா இருக்கும்" என்றார்.

மேடம் பேனாவை மூடவில்லை. "நம்ம சாம்பிள் குளிர்ல இருந்தது சார். அந்தம்மாவோடது எங்க இருந்தது?"

அன்று மத்தியானமே இரண்டு பேரும் தி.நகர் போனோம். செல்வி கடை வாசலிலேயே நின்றிருந்தாள், உதட்டில் பஞ்சு. எங்களைப் பார்த்ததும், "கம்பெனிக்காரங்களா? நான் பொய் சொல்லலன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுவீங்களா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மேடம்தான், "முதல்ல நான் என் கண்ணால பார்க்கணும்மா. பார்த்துட்டுச் சொல்றேன். இப்போதைக்கு இந்த அட்டையை விட்டுட்டு உங்க டாக்டர்கிட்ட போயி வேற கம்பெனி மாத்திரை வாங்கிக்கோங்க. இன்னிக்கே" என்றார்.

அண்ணாச்சி கடையில் ஏ.சி. இருந்தது. ஆனால் சரக்கு அவருக்கு வருவது ஆதம்பாக்கத்தில் இருக்கும் மொத்த விற்பனையாளர் குடோனிலிருந்து. மேலே தகரக் கூரை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்கள் பெட்டிகள் கூரைக்குக் கீழே மேல்தட்டில் இருந்திருக்கின்றன. அங்கே ஐந்து நிமிடம் நின்றதற்கே என் சட்டை நனைந்துவிட்டது. அங்கிருந்து ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு வந்து மறுநாள் காலை சோதனைக்குப் போட்டோம்.

பதினைந்து நிமிடம் ஆனது. ஆறும் முழுசாக இருந்தன. அரை மணி. முக்கால் மணி. ஆறு வெள்ளை வட்டங்கள் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. மோட்டார் சத்தம் மட்டும்தான். மேடம் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழிந்து அவரே கருவியை நிறுத்தினார்.

சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் பிசின் நாளாக நாளாக இறுகும். அது எனக்குத் தெரியும். கொஞ்சம் பிசின் இறுகினால் மாத்திரை ஏழு நிமிடத்திலிருந்து ஒன்பதுக்குப் போகும், அவ்வளவுதான். நான் அளவைக் கூட்டியிருந்தேன். கூட்டிய அளவை, கோடை வெப்பத்தில் வைத்துச் சோதிக்கிற சூட்டு அலமாரியில் மூன்று மாதம் வைத்துப் பார்க்காமலே வெளியே விட்டிருந்தேன். பழைய அளவுக்கு எப்போதோ செய்த சோதனை போதும் என்று விட்டுவிட்டேன். அதற்குத்தான் 'சிறு மாற்றம்' என்ற அந்த இரண்டு வார்த்தை; சிறு மாற்றத்துக்கு மறுசோதனை கேட்க மாட்டார்கள்.

எம்.டி. சார் அறையில் அவர் குடோனைத்தான் பிடித்துக்கொண்டார். "தகரக் கூரைக்குக் கீழ வெச்சா எந்த மாத்திரைதான் தாங்கும்? தப்பு அவங்களோடது. கடிதம் எழுதுங்க."

நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கலாம். அந்த நொடியில் பேசாமல் இருக்கத்தான் ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண், ஓய்வுக்கு ஆறு வருடம், எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்த ஆறு வட்டங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"தப்பு என்னோடது சார்" என்றேன். "பிசினைக் கூட்டினது நான். சூட்டுல வெச்சுப் பார்க்காம விட்டதும் நான்."

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. "பதினொரு நிமிஷம்னு பார்த்துட்டும் ஏன்னு கேட்காம கையெழுத்துப் போட்டது நான்" என்றார். "ஏழு எப்படிப் பதினொண்ணு ஆச்சுன்னு கேட்டிருக்கணும். அதோட சார், இந்த ஊர்ல சூடா இல்லாத குடோன் எங்க இருக்கு? இந்த ஊருக்குத்தானே மாத்திரை செய்றோம்?"

"மூணு பேட்சையும் திரும்ப எடுத்துடுங்க" என்றார் எம்.டி. சார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அன்றே அவர் கையெழுத்தோடு தகவல் போனது.

அடுத்த ஆறு நாள் நான் குருணை அறைக்குப் போகவில்லை. மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். பெட்டிகளை எடுப்பது சுலபம். ஏற்கெனவே விற்றதுதான் பயம். வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரும் நம்பரும் கடைகளில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் மேடம் தானே போன் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலில் கோடு போடுவேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வாங்கியது சூடு ஏறுவதற்கு முன் குடோனை விட்டு வந்த சரக்கு. இரண்டு பேர் கொஞ்சம் கிறுகிறுப்பு என்றார்கள். அவர்களை அன்றே டாக்டரிடம் போகச் செய்தோம். அவர்களுக்கும் பிறகு ஒன்றுமில்லை.

ஒரு பெயர் மட்டும் கோடு படாமல் நின்றது. பாலவாக்கத்தில் ஒருவர், மூன்று மாதத்துக்கான மாத்திரையை மே மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கியிருந்தார். போன் அணைந்தே கிடந்தது. மூன்று நாள். ஐந்தாம் நாள் நானும் மேடமும் முகவரியைத் தேடிப் போனோம். கடற்கரையை ஒட்டிய தெரு. வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்றார்.

நான் அந்த வீட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேடம் எப்போதும்போல நின்றார். ஆனால் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தோம்.

ஆட்டோ வந்தது. ஒரு பெண் இறங்கி, பெரியவர் ஒருவரைத் தாங்கி இறக்கினாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர். அவருக்குத்தான் அந்த மாத்திரை. அவள் மருமகள்.

"ஐயாவுக்கு வலிப்பு வந்துச்சாம்மா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்களே. இன்னிக்குக் கையிக்கும் காலுக்கும் பயிற்சி குடுக்கற நாள், அதான் போயிட்டு வரோம். போனா? அது தண்ணில வுழுந்துடுச்சு. நீங்க யாரு?"

மேடம் விஷயத்தைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. கேட்டு முடித்த அந்தப் பெண், "மாத்திரை கல்லு மாதிரி இருக்குன்னு எனக்கும் தெரியும். மாமாவால முழுங்க முடியாது. நான் தினமும் சின்ன உரல்ல போட்டு இடிச்சு, தேன்ல குழைச்சுத்தான் தர்றேன். இந்தத் தடவை இடிக்கவே கை வலிச்சுது" என்றாள்.

இடித்த மாத்திரைக்குப் பிசின் எவ்வளவு இறுகியிருந்தால் என்ன? அது பொடியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. மேடம் பட்டியலை எடுத்துக் கடைசிப் பெயரில் கோடு போட்டார். பிறகு, நான் உட்கார்ந்திருந்த படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். அந்தப் பெண் இரண்டு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். எதற்கு இவர்கள் இப்படிக் குடிக்கிறார்கள் என்று பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிஃபருக்கு நான் சொல்லவேண்டிய தொழில் விஷயம் இவ்வளவுதான். பிசின் மேல் குற்றமில்லை. அதற்குப் பிறகும் அதே கருவேலம்பிசினைத்தான் போட்டோம். அளவைப் பழையபடி குறைத்தோம். ஒவ்வொரு சாக்கையும் கரைத்து, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தோம், தண்ணீர் மாதிரி ஓடினால் சாக்கு அப்படியே திரும்பிப் போகும். கொஞ்சம் சோளமாவையும் கஞ்சியாக்காமல், குருணை காய்ந்த பிறகு உலர்ந்தபடியே சேர்த்தோம். அது வயிற்றில் தண்ணீரை இழுத்து உப்பி மாத்திரையை உள்ளிருந்து பிளந்துவிடும். சூட்டு அலமாரியில் வைத்துப் பார்க்காமல் ஒரு மாற்றமும் வெளியே போகவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த மாத்திரைக்குப் புகார் வரவில்லை. எனக்கு ஒரு வருடம் பதவி உயர்வு நின்றது. வேலை போகவில்லை. அதுவே பெரிது.

ஆனால் ஜெனிஃபரிடம் சொல்ல நான் அதிகம் ஆசைப்படுவது, பாலவாக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் நடந்ததை.

மேடம் கம்பெனித் தாளில் ஒரு கடிதம் அடித்து, எம்.டி. சாரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். நாங்கள் தி.நகர் போனோம். செல்வி எங்களை நேரே தையல் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குறுகலான படி, மேலே ஒன்பது மிஷின். அவள் கணவனையும் வரச்சொல்லியிருந்தாள். அவன் கார் சாவியை விரலில் மாட்டியபடி கதவோரம் நின்றான். தையல் முதலாளி கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

மேடம் கடிதத்தை நீட்டினார். செல்வி வாங்கவில்லை.

"நீங்களே படிங்க மேடம். சத்தமா. எல்லாருக்கும் கேக்கணும்."

ஒன்பது மிஷினும் நின்றன. ஃபர்ஹானா மேடம் குரலை உயர்த்திப் படித்தார். செல்வி என்பவர் எங்கள் மாத்திரையை முறைப்படி சாப்பிட்டுவந்திருக்கிறார். மாத்திரை கரையாததால் மருந்து அவர் உடம்பில் சேரவில்லை. அது எங்கள் தயாரிப்பில் நேர்ந்த தவறு. இதில் அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

கணவன் சாவியைப் பாக்கெட்டில் போட்டான். பிறகு மனைவியின் பக்கம் பார்க்காமலே, "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"இப்பத் தெரியுதா?" என்றாள் அவள். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. புது மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை என்று எங்களிடம் சொன்னாள்.

தையல் முதலாளி ஜன்னல் பக்கம் கைகாட்டினார். "சரிம்மா. போ, போயி உன் மிஷின்ல உக்காரு."

"இன்னிக்கு முடியாதுண்ணே. டாக்டர் ஒரு மாசம் பொறுக்கச் சொல்லிக்கீறாரு" என்றாள் செல்வி. ஜன்னலோரம் இருந்த மிஷினிடம் போய், அதன் மேல் யாரோ குவித்துவைத்திருந்த துணிகளை எடுத்துப் பக்கத்து மேஜையில் போட்டாள். கையால் தூசியைத் துடைத்தாள். உறையைப் போட்டு மூடினாள்.

"ஒரு மாசம் கழிச்சு வரேன். அதுவரைக்கும் இதுல யாரும் உக்காரக் கூடாது."

"யாரும் உக்கார மாட்டாங்க" என்றார் முதலாளி.